அவர் ஓட்டாத வண்டி

ஸ்டேஷனுக்குள் நான் நுழைந்தபோது என் கணவரின் தோளில் ஒரு தலை சாய்ந்திருந்தது. அவர் சட்டையெல்லாம் சேறு. முழங்கையில் தோல் வழன்று ரத்தம் காய்ந்திருந்தது. அதையெல்லாம் பிறகுதான் கவனித்தேன். முதலில் என் கண்ணில் பட்டது அந்தத் தலைதான்.

அது என் கணவருடைய சிநேகிதரின் தலை. வில்லியனூர் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர். வீட்டில் நான் அவரைப் பஸ்காரர் என்றுதான் சொல்வேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பஸ்காரர் குழந்தை மாதிரித் தேம்பிக்கொண்டிருந்தார். என் கணவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "அழுவாதடா மச்சான், நான் கீறேன் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது இருவர் மேலும் அடித்த வாடையிலேயே தெரிந்தது. பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வரும்போது, கரும்புக் கொல்லை முடிந்து ரோடு வளைகிற இடத்தில் பைக் சறுக்கி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. கொஞ்சம் தள்ளி வண்டிகளை மடக்கிச் சோதித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் சத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு பேரும் எழுந்து கரையேறி நின்றுவிட்டார்கள். யார் ஓட்டியது என்று கேட்டதற்கு என் கணவர் "நான்தான் சார்" என்றிருக்கிறார். மிஷினில் ஊத வைத்துக் கேஸ் எழுதிவிட்டார்கள்.

"கோர்ட்டுல இருந்து கூப்புடுவாங்கம்மா. ஒரு வக்கீல பாத்து வெச்சிக்குங்க. அபராதத்தோட போவாது, லைசென்ஸும் போவும்" என்றார் ஏட்டு. நல்ல விதமாகத்தான் சொன்னார்.

நான் தலையாட்டிக்கொண்டே வெளியே நிறுத்தியிருந்த பைக்கைப் பார்த்தேன். அது பஸ்காரரின் பைக். அவர் அதை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட, வெயில் நகர நகர எழுந்துபோய் நிழலில் மாற்றி வைப்பார். என் கணவருக்கு அதில் எப்போதும் பின்சீட்டுத்தான். அன்றைக்கு மட்டும் இவர் எப்படி முன்னால் உட்கார்ந்தார் என்ற கேள்வி வாய் வரை வந்துவிட்டது. ஏட்டு பக்கத்திலேயே நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

ஜாமீனில் விட்டார்கள். ஆட்டோவில் மூன்று பேரும் வந்தோம். என் கணவர் நடுவில் உட்கார்ந்து, வழி முழுக்கப் பஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவர் வீடு முதலில் வந்தது. இவர் இறங்கி, கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், கதவைத் திறந்துவிட்டு, உள்ளே விளக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார். அதுவரை நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கிருந்தது பொறாமை. கோபம் என்றும் கவலை என்றும் பல வருஷம் அதற்குப் பெயர் மாற்றி வைத்திருந்தேன். இவர் இன்னொரு பெண்ணோடு சுற்றியிருந்தால் ஊர் முழுக்க என் பக்கம் நின்றிருக்கும். ஆம்பளை சிநேகிதன் மேல் பொறாமைப்படுகிறேன் என்று எங்கே போய்ச் சொல்வது? ஒரு தடவை அம்மாவிடம் சொன்னேன். "பொம்பள பின்னாடி போவலயேன்னு சந்தோசப்படுடி" என்று சொல்லி முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எங்களுக்குச் செலியமேட்டில் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. நான் பிள்ளையார்குப்பத்தில் ஓர் ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் பில் போடுகிறேன். மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். அப்படியும் என் கணவர் என்னிடம் பேசியதெல்லாம் தண்ணீர் விட்டாச்சா, ஆள் வந்துச்சா, கரண்ட் போச்சா என்பதோடு முடிந்துவிடும். பஸ்காரர் வந்துவிட்டால் அதே மனுஷருக்குப் பேச்சு எங்கிருந்து வரும் என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு முட்டச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் என் முகத்துக்கு நேராகப் பார்த்ததே கிடையாது. நண்டு வாங்கி வந்து குழம்பு வைத்தால், பெரிய காலாகப் பார்த்துக் கடித்து உடைத்து, சதையை எடுத்து, "இந்தாடா" என்று அவர் தட்டில் வைப்பார். நான் பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

பஸ்காரருக்கு வீட்டில் யாரும் இல்லை. அவருடைய குடியைத் தாங்க முடியாமல் பெண்டாட்டி கடலூருக்குப் போய்விட்டாள். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணா என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கும்.

மறுநாள் காலை, முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"நெசமா நீங்கதான் ஓட்டினீங்களா?"

"அவன்தான் ஓட்டினான்" என்றார் சாதாரணமாக. பல் தேய்த்தாச்சா என்று கேட்டால் ஆச்சு என்பது போல.

"அப்பறம் இன்னாத்துக்கு நான்னு சொன்னீங்க?"

"அவன் மேல ஏற்கெனவே ஒரு கேஸ் ஆயி அபராதம் கட்டிகீறான். ரெண்டாவது தடவன்னா ஜெயில்ல போட்டுடுவாங்க. கம்பெனில வெச்சிப்பாங்களா? பஸ்ஸு ஓட்டறத வுட்டா அவனுக்கு இன்னா தெரியும்? எனக்கு லைசென்ஸ் போனா இன்னா, டிராக்டருக்கு ஆள் வெச்சிக்கறேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தப்புச் செய்துவிட்டு வந்த ஆள் முகம் அப்படி இருக்காது. நல்ல காரியம் ஒன்றை முடித்துவிட்டு வந்த ஆளின் முகம். பஞ்சை அழுத்தித் துடைத்தேன். "மெதுவாடி" என்று கையை இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்கிற பெண் ஒரு வக்கீலைச் சொன்னாள். வில்லியனூர் மாதா கோயில் பக்கத்திலிருந்து வருகிற அம்மா. உரக்கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டுதான் எதிரே இருப்பவரைப் பார்ப்பார். நாங்கள் போனபோது வரப்புத் தகராறுக்காரர்களைச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க. என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. டாக்டர்கிட்ட வயித்துவலிய மறைச்சா யாருக்கு நஷ்டம்?"

என் கணவர் கதையை மடமடவென்று சொன்னார். காதுகுத்து, சாப்பாடு, வளைவு, வாய்க்கால். நடுவில் எங்கும் நிற்கவே இல்லை. வயல் விஷயம்கூட அவர் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"வண்டி யாருது?"

"என் சிநேகிதனுது மேடம்."

"அவரும் குடிச்சிருந்தாரா?"

"கொஞ்சம்."

வக்கீல் மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் போனாலே குற்றம்தான், கொஞ்சமாகத்தான் குடித்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரைக்கும் ஜெயில், அல்லது பத்தாயிரம் வரைக்கும் அபராதம், இல்லையென்றால் இரண்டும் சேர்த்து. மறுபடி மாட்டினால் ஜெயில் இரண்டு வருஷம் வரைக்கும் போகும், அபராதமும் கூடும். குற்றம் உறுதியானால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸ் செல்லாது என்று கோர்ட்டே உத்தரவு போடும். அந்தச் சமயத்தில் வண்டி ஓட்டி மாட்டினால் அது தனிக் குற்றம்.

"ரெண்டு வழி இருக்கு. ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும். இல்ல, வழக்க நடத்தலாம். மிஷின் சரியா வேலை செஞ்சுதா, முறைப்படி சோதிச்சாங்களா, எல்லாத்தையும் கேக்கலாம். அது இழுக்கும். ஜட்ஜ் என்ன தண்டனை குடுப்பாங்கன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. மொதல் கேஸுக்குப் பெரும்பாலும் அபராதந்தான். ஆனா ஜெயிலும் சட்டத்துல இருக்கு. அதத் தெரிஞ்சிகிட்டு முடிவு பண்ணுங்க."

"ஒத்துக்கறேன் மேடம். ஜெயில்னு போட்டாலும் போய் இருந்துட்டு வரேன்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னை உடைத்தது. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு ராத்திரிகூடத் தங்காமல் போனவர் இவர். அம்மாதான் கூட இருந்தாள். என் கட்டில் ஓரத்தில் ஒரு பொழுது உட்கார முடியாத மனுஷர், அவனுக்காக ஜெயிலில் போய் உட்காரத் தயாராக இருக்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டே.

"இவரு ஓட்டல மேடம்" என்றேன். "வண்டிய ஓட்டினது அந்த ஆளு. இவரு பின்னாடிதான் உக்காந்து வந்தாரு."

என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வக்கீல் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அப்படியா?" என்று அவரிடம் கேட்டார்.

என் கணவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நீங்க வாய் தொறக்கலன்னாலும் எனக்குத் தெரிஞ்சிடுச்சு. இனிமே நான் போயி, 'எங்க கட்சிக்காரர் ஓட்டினாரு, ஒத்துக்கறாரு'ன்னு நிக்க முடியாது. போலீஸ்கிட்ட பொய்த் தகவல் குடுக்கறதும் குத்தந்தான், அது தெரியுமா? உண்மையச் சொல்லி வழக்கு நடத்தறதா இருந்தா நான் வரேன். அந்தச் சிநேகிதர் வந்து சாட்சி சொல்லணும்."

"அவன் வர மாட்டான்" என்றார் என் கணவர். "நான் வர வுட மாட்டேன்."

எழுந்து மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார். நானும் எழுந்தேன். வக்கீல் மேடம் ஃபீஸ் எதுவும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, "நீ ஏம்மா இதைச் சொன்ன?" என்று கேட்டார். "உண்மைங்கறதாலயா?"

"ஆமாம் மேடம்" என்றேன். அவர் நம்பவில்லை என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. நானும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. முன்னால் மட்டும் என்ன பெரிதாகப் பேசினோம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் தண்ணீர் விட்டாச்சா, ஆள் வந்துச்சா என்பதும் இல்லாமல் போனபோதுதான் அதுவும் பேச்சாக இருந்தது என்று தெரிந்தது. என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. எங்களுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

ஒரு நாள் எனக்கு லீவு. இவர் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் பஸ்காரர் வந்தார். உள்ளே வரவில்லை. டிராக்டர் கொட்டகைப் பக்கமே நின்றார். குடித்திருக்கவில்லை. அதனால் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, உண்மையச் சொல்லச் சொல்லி அவன்கிட்ட கெஞ்சினேன். கேக்க மாட்டன்றான்."

"அவரு கேக்கலன்னா உங்களுக்கு வாயில்லயா அண்ணா? அங்கயே போலீஸ்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சு" என்றார். அவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. "நான் கோர்ட்டுக்கு வந்து சொல்லிடறேன் தங்கச்சி. நெசமா வரேன்."

"வாங்க. வந்து சொல்லுங்க."

தலையாட்டினார். ஆனாலும் நகரவில்லை. டிராக்டர் டயரைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு வாய்க்காங் கரையில அவன் இன்னா சொன்னான் தெரியுமா? போலீஸு வரத பாத்துட்டு, 'டேய், நான்தான் ஓட்டினேன், நீ சும்மா இரு. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா பாத்துக்க அவ கீறா. உனக்கு யாருடா கீறா?'ன்னான்."

அவர் போனபிறகு அந்தக் கொட்டகையிலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தேன். என்னை நம்பித்தான் இவர் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். பாதி குளிர்ந்ததும் உண்மைதான். மீதிப் பாதி இன்னும் அதிகமாக எரிந்தது. என்னிடம் இருக்கிற தெம்பை என்னைக் கேட்காமலே எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறார். நான் தாங்குவேன் என்பதாலேயே எனக்கு எதுவும் கிடைக்காது போலிருக்கிறது. பயந்து நடுங்குகிறவர்களுக்குத்தான் நண்டுச் சதை.

கோர்ட்டுக்கு என் கணவர் தனியாகத்தான் கிளம்பினார். நானும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பாண்டியில் கோர்ட் வராண்டாவில் பஸ்காரர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. ஒரு வாரமாகத் தூங்காதவர் மாதிரிக் கண்கள் உள்ளே போயிருந்தன. அவரைப் பார்த்ததும் இவர் முகம் மாறியது. பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "நீ இன்னாத்துக்குடா வந்த? டூட்டிக்குப் போ" என்றார். பஸ்காரர் போகவில்லை.

வேறு வழக்குக்காக வந்திருந்த வக்கீல் மேடம் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார். "என்னால முடியாதுன்னா வக்கீலே கெடைக்காதுன்னு அர்த்தமில்ல. வசதியில்லாதவங்களுக்கு இலவச சட்ட உதவி வக்கீல் இங்கயே இருக்காங்க. யார்கிட்டயாவது கேட்டுட்டு உள்ள போங்க" என்றார். என் கணவர் கும்பிட்டார். கேட்கவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் பஸ்காரரும் ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். மாஜிஸ்திரேட் ஓர் இளம் பெண். வக்கீல் வேண்டுமா, அரசாங்கச் செலவில் ஏற்பாடு செய்யச் சொல்லட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். இவர் வேண்டாம் என்றார்.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டினதா உங்க மேல குற்றச்சாட்டு. புரிஞ்சுதா? ஒத்துக்கிறீங்களா? யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

என் பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. பஸ்காரர் எழுந்துவிட்டார். முழுதாக நிமிரவில்லை, அரைகுறையாக. வாயும் திறந்துவிட்டது. என் கணவர் அந்த நேரம் திரும்பிப் பார்த்தார். அதட்டலோ கெஞ்சலோ அந்தப் பார்வையில் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் படு என்று சொல்கிற பார்வை அது. பஸ்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒத்துக்கறேம்மா" என்றார் என் கணவர்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். வக்கீல் ஆபீஸில் சொன்னவள்தானே. ஆனால் அந்தப் பார்வையைப் பார்த்தபிறகு என் வாய் எழவில்லை. அப்படி ஒரு பார்வைக்கு நடுவில் போய் நிற்க எனக்கு இடமே இல்லை என்று தோன்றியது.

அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் தடை, கோர்ட் கலையும் வரைக்கும் சிறை. கடைசிச் சொல்லைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். ஜெயிலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள், சாயங்காலம் கோர்ட் எழுகிற வரை இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பக்கத்தில் ஒரு குமாஸ்தா சொன்னார். என் கணவரைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கூலி கொடுக்கும் இடத்தில் காத்திருப்பவர் மாதிரி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வராண்டா பெஞ்சில் நானும் பஸ்காரரும். ஒரு முனையில் அவர், மறு முனையில் நான். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே எட்டிப் பார்த்தோம். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் பார்க்காத சமயமாகப் பார்த்துத் தனியாக எட்டிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

மத்தியான இடைவேளையில், கூட ஒரு போலீஸ்காரரோடு இவரை வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிட விட்டார்கள். நான் டப்பாவைத் திறந்தேன். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அவருக்குப் பிடித்த மாங்காய்த் துண்டு. அதே நேரத்தில் பஸ்காரர் தன் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வறுத்த மீன். எந்தக் கடையில் இவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்து அங்கே போய் வாங்கி வந்திருக்கிறார். நான் இவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதை முதலில் தொடுவார் என்று. என் வயதுக்கு அப்படிப் பார்த்தது எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அவர் என் புளிச்சோற்றில் பஸ்காரரின் மீனைப் பிட்டுப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். "நல்லாகீது" என்றார். எங்கள் இரண்டு பேரில் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னிடம்தான் என்றால், பல நாள் கழித்து அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. இங்கே ஒரு போட்டி நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அந்த மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் காலை பஸ்காரர் பைக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஆறு மாசத்துக்கு நானே இட்டுகினு போய் வுடறேன் தங்கச்சி."

"நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ரோடு வரைக்கும் பைக்கைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார். நான் திரும்பவில்லை. அவர் அதற்குப் பிறகும் சில நாள் வந்து பார்த்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

பஸ் எங்கள் ஊருக்கு நினைத்த நேரத்தில் வராது. கடைக்கு லேட்டாகப் போய்ப் பேச்சு வாங்கினேன். அப்போதுதான் ஸ்கூட்டர் சும்மா நிற்பது கண்ணில் பட்டது. எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு வந்து, "எனக்குக் கத்துக் குடுங்க" என்றேன். நான் சிரிப்புக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். அப்புறம் அறுவடை முடிந்த எங்கள் வயலுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். வண்டி ஓட்ட அவருக்குத்தான் தடை, பின்னால் ஓடி வரத் தடையில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். "நேரா பாருடி! கீழ பாக்காத! பிரேக்கு, பிரேக்கு!" நான் வரப்பில் மோதி விழுந்தால் முதலில் என்னைத் தூக்குவார், பிறகுதான் வண்டியை. சாயங்காலம் சாயங்காலம் அவர் மூச்சு வாங்க என் பின்னால் ஓடி வந்த அந்த நாட்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். லைசென்ஸ் தேர்வுக்குத் தயாராகிவிட்டாய் என்று அவர் சொன்னபிறகும், இன்னும் வளைவு சரியாக வரவில்லை என்று சொல்லி இழுத்தடித்தேன்.

நான் லைசென்ஸ் வாங்கி வேலைக்குத் தனியாக ஓட்டிப் போக ஆரம்பித்த சமயத்தில், கம்பெனியில் பஸ்காரரின் கை நடுக்கத்தை யாரோ கவனித்து, பஸ்ஸைத் தர மறுத்துவிட்டார்கள். எந்த வேலையைக் காப்பாற்ற என் கணவர் பழியை ஏற்றாரோ அந்த வேலை எப்படியும் போய்விட்டது. அன்றைக்கு ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கணவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு நாள் பேசிப் பேசி, பஸ்காரரைக் குடி நிறுத்தும் சிகிச்சைக்குப் பாண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். வேறு யார் இருக்கிறார்கள்?

இவரை அங்கே கொண்டுபோய் விட வேண்டியவள் நான். ஆறு மாதம் இன்னும் முடிந்திருக்கவில்லை. வேலை விட்டதும் வீட்டுக்கு வந்து, கஞ்சியைத் தூக்கில் ஊற்றி, என் கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலூர் ரோட்டில் போவேன். லாரிகள் உரசிக்கொண்டு போகும். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் ஓர் இரவும் தங்காதவர் அங்கே தரையில் பாய் விரித்துப் படுத்தார், விடிந்ததும் பஸ் பிடித்து வயலுக்கு வந்தார். நான் மட்டும் திரும்பி வருவேன். கன்னியக்கோயில் வரைக்கும் அழுகையும் கோபமுமாக ஓட்டுவேன், அதற்குப் பிறகு எதிரே வருகிற விளக்குகளைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

பஸ்காரர் அங்கிருந்து உடம்பு தேறி வந்தார். இப்போது ஒரு நர்சரிப் பண்ணையில் தண்ணீர் விடுகிற வேலை. இதை எழுதுகிற நாள் வரைக்கும் குடிக்கவில்லை. என் கணவரும் அவரோடு சேர்ந்து விட்டுவிட்டார். நான் எத்தனையோ வருஷம் சொல்லிச் சொல்லி விடாததை, பஸ்காரருக்குத் துணையாக விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்காரர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். நான்தான் சமைக்கிறேன்.

சிகிச்சை முடிந்து பஸ்காரரை அவர் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த மாலையில், பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் கேட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால் அது சுலபமாக இருந்தது.

"என்ன போலீஸ்ல புடிச்சாங்கன்னா, எனக்காக இப்பிடி கோர்ட்டுல போயி நிப்பீங்களா?"

அவர் உண்மையாகவே யோசித்தார் என்பது என் தோளில் இருந்த அவர் விரல்களில் தெரிந்தது.

"உன்ன எதுக்குடி புடிக்கப் போறாங்க?" என்றார். "நீ ஒழுங்காத்தான ஓட்டற?"

நான் ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன். "ஏய், மெதுவா, மெதுவா!" என்று இரண்டு கையாலும் என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீடு வரும் வரைக்கும் நான் வேகத்தைக் குறைக்கவில்லை.